டீச்சர் வீட்டு மதிப்பெண்

அந்தக் கேள்விகளை எழுதிய புண்ணியவான்களுக்கு ஒரு வாத்தியார் வீட்டின் குணம் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் மதிப்பெண் என்ற சொல்லையே அந்த வாசல் பக்கம் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

நோய்த் தணிப்பு மையத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒரு இளம்பெண் வருவாள். நோயாளியைப் பார்க்க அல்ல, அதற்கு வாரா வாரம் நர்ஸ் வருகிறார். இவள் வருவது நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற வீட்டு ஆளைப் பார்க்க. அந்த ஆள் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, உடம்பு எங்கே நோகிறது, மனம் விட்டுப் பேச யாராவது உண்டா, நாளை என்ன ஆகுமோ என்ற பயம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்பாள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்குக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் நான்கு, தாங்கவே முடியவில்லை என்றால் பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு இவ்வளவு என்று ஆக்கினால், அதுதான் அந்த ஆளின் வாழ்க்கைத் தரம். கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் நோயாளியின் காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் காலம் காலமாக அளந்தவர்கள், பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்கிறவரைப் பார்த்து நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதாவது கேட்கிறார்களே, அந்த மட்டுக்கும் நல்லது.

வீட்டில் மூன்றே பேர். கட்டிலில் டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல் பூகோளம் நடத்தியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வைத் துடைத்து எடுத்துவிட்டது. இனி மருந்து வேலை செய்யாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகு, மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கூடவே பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த பெரிய உலக வரைபடமும் வந்தது. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அதை மாட்டிய பிறகுதான் டீச்சர் பொட்டுத் தண்ணீர் குடித்தார்.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியுமுன்பே வாசலில் நின்றுவிடுவார்கள். அதனால் இருட்டோடு கிளம்பிப் போய், மதியம் சாய்ந்த பிறகு திரும்புவாள். மூன்றாவது ஆள் அவள் புருஷன். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி எதுவானாலும் பழுது பார்ப்பவர், வீட்டு முன்னறைதான் கடை. எல்லோரும் மெக்கானிக் என்று கூப்பிடுவார்கள்.

மெக்கானிக்கை மருமகனாக டீச்சர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. படித்த பெண் போயும் போயும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவனைக் கட்டிக்கொண்டாளே என்ற ஆற்றாமை அவருக்கு. பல வருஷம் பேச்சே கிடையாது. பிறகு பேச்சு வந்தது, ஆனால் பட்டும் படாமலும்தான். அவரை நேருக்கு நேர் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "மாப்பிள்ளை சாப்டாரா?" என்று மகளிடம் கேட்பார். மெக்கானிக் பக்கத்திலேயே நின்றிருப்பார்.

இப்படி இருந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவரின் உடம்பைத் துடைத்துவிட வேண்டி வந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. வந்த புதிதில் ஒரு காலை, மகள் வேலைக்குப் போன பிறகு சிறுநீர்க் குழாயில் மாட்டியிருந்த பை கழன்று படுக்கையெல்லாம் நனைந்துவிட்டது. டீச்சர் யாரையும் கூப்பிடவில்லை. நனைந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வாடை முன்னறைக்கு வந்தது. மெக்கானிக் உள்ளே போனார். ஒரு போர்வையைக் குடைபோல விரித்து, அதற்குள் கையை மட்டும் விட்டு, முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு வேலையை முடித்தார். அவமானத்தில் டீச்சருக்கு உயிரே போய்விட்டது. எதையாவது பேசினால் தேவலை என்று தோன்றியதோ என்னவோ, "மாப்பிள்ளை, சிலிக்குத் தலைநகர் என்ன?" என்றார். மெக்கானிக் சுவரில் தேடிக் கண்டுபிடித்து, "சாண்டியாகோ" என்றார். "மங்கோலியாவுக்கு?" அதையும் தேடினார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் போர்வைக்குள் அவர் கை வேலை செய்யும், கண் வரைபடத்தில் இருக்கும், டீச்சர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை மெக்கானிக்குக்கு அத்துப்படி. படுக்கைப் புண் வராமலிருக்க ராத்திரியில் அடிக்கடி திருப்பிப் படுக்கவைப்பதும் அவர் வேலைதான். மனைவி இருட்டோடு எழ வேண்டியவள் என்று அவளை எழுப்ப மாட்டார்.

ஆனால் வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது. அது டீச்சரின் நிபந்தனை. மையத்தில் பெயர் பதிந்த அன்றைக்கே, பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டதற்கு, "என் பொண்ணு" என்று சொல்லிவிட்டார். சம்பந்தமில்லாத ஆண்பிள்ளை தன்னைக் கழுவித் துடைக்கிறான் என்று ஊருக்குத் தெரிவதைவிட சாவது மேல் என்று நினைத்தார், அதைச் சொல்லவும் செய்தார். எனவே நர்சும் கேள்விக்காரியும் வருகிற பிற்பகல்களில் மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டு நைசாக வெளியே நழுவிவிடுவார். கேள்விகள் மகளிடம் போகும்.

கூத்து அங்கேதான் ஆரம்பம். கேள்விக்காரி எண் கேட்கிறாள், கூட்டிப் போடுகிறாள் என்று தெரிந்ததும் டீச்சருக்குப் பழைய ரத்தம் பொங்கிவிட்டது. பரீட்சை என்றால் பரீட்சைதான். அவள் வருவதற்கு முந்தின நாள் மகளை உட்காரவைத்துத் திருப்புதல் நடத்துவார்.

"தூக்கம் எப்பிடின்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"மூணும்மா."

"ஏன் மூணு? ராத்திரி உன்னை யாரு எழுப்பறா? நாலு சொல்லு."

அது பொய்யும் இல்லை. மகளை யாரும் எழுப்புவதில்லைதான். உடம்பு நோவு, முதுகு வலி? இல்லை, நாலு. வீட்டில் உதவிக்கு ஆள் உண்டா? உண்டு, நாலு. அம்மாவைப் பற்றிய கவலைக்கு மட்டும் மகள் ஒன்று சொன்னாள். அதில் அம்மா கை வைக்கவில்லை. கேள்விக்காரி கூட்டிப் பார்த்து, இந்தச் சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு நல்ல எண் வேறு வீட்டில் வரவில்லை என்றாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வலி மாத்திரைகூட அன்றைக்குத் தாமதமாகத்தான் கேட்டார். தன் பிள்ளை மாவட்டத்தில் முதலாவதாக வந்த மாதிரி நர்சிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

மெக்கானிக்கின் முதுகு அந்தப் பூரிப்பில் பங்கு கேட்கவில்லை. அது பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் விரிப்பு மாற்றுவதற்காக டீச்சரைத் தூக்கியபோது இடுப்பில் சுளீரென்று ஏதோ இழுத்தது. அப்படியே முழங்கால் மடங்கிக் கட்டில் விளிம்பில் சரிந்தார். டீச்சரின் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கியது. டீச்சர் ஒரு கையால் கட்டில் கம்பியையும் மறுகையால் மருமகனின் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். பிறகு எப்படியோ சமாளித்து அவரை மேலே ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல அத்தை, கால் வழுக்கிருச்சு" என்றார் மெக்கானிக். டீச்சர் அன்றைக்கு எந்தத் தலைநகரும் கேட்கவில்லை.

மனைவியிடம் மறைக்க முடியுமா? சாயங்காலம் அவர் நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்தே அவள் பிடித்துவிட்டாள். மறுநாளே நர்சுக்குப் போன் போட்டு, காலையில் வந்து உடம்பு துடைத்துவிட, படுக்கை மாற்றிவிட மையத்திலிருந்து ஓர் ஆள் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும், ஆனால் மையத்தில் அப்படி இருப்பவர்களே விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான், வாழ்க்கைத் தர மதிப்பெண் ரொம்பக் குறைந்த வீடுகளுக்குத்தான் அனுப்புகிறோம், உங்கள் வீட்டு எண் எங்கேயோ உயரத்தில் இருக்கிறதே என்றார் நர்ஸ். அப்படி முடியவே இல்லையென்றால் டீச்சரை மையத்தின் வார்டில் சேர்த்துவிடலாம், படுக்கை ஒன்று காலியாகப் போகிறது என்றும் சொன்னார்.

மகள் போனை வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நல்ல மார்க் வாங்கியதால்தான் உதவி இல்லையாம் என்பதைச் சொல்லி முடித்தபோது டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தது அவரல்லவா.

வார்டு என்றதும் டீச்சர் வரைபடத்தைப் பார்த்தார். இந்த அறையில், இதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டிருந்தது. மெக்கானிக்கும் அதற்குத் தலையாட்டியிருந்தார். இப்போது அந்த முதுகு இன்னொரு முறை பிடித்துக்கொண்டால் வீட்டில் இரண்டு நோயாளிகள். யாருக்கும் இது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த தடவை எல்லாவற்றுக்கும் குறைவாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள் மகள். டீச்சர் ஒப்பவில்லை. நடிக்கக்கூடாது, அது காப்பியடிப்பதைவிடக் கேவலம் என்றார். இத்தனை நாள் விடையை ஊட்டிவிட்டது எந்தக் கணக்கில் வருமாம் என்று மகள் கேட்கவில்லை. நமக்கும் கேட்கத் தோன்றுகிறது, ஆனால் படுத்திருப்பவரிடம் போய் எப்படிக் கேட்பது?

"அப்ப உள்ளதச் சொல்லிடறேன்மா. அவர்தான் பாத்துக்கறார்னு."

"அதச் சொல்றதுக்கு என்னை வார்டுலயே போட்டுடு."

 மகள் எழுந்து போய்விட்டாள். மெக்கானிக் முன்னறையில் ஒரு விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. மாமியார் மேல் கோபம் வரவில்லை அவருக்கு. வருத்தமாகத்தான் இருந்தது. இத்தனை மாதம் கழித்தும், தன் கை பட்டது அந்த அம்மாளுக்கு இன்னும் வெட்கக்கேடாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து, இஸ்திரிப் பெட்டியை வாங்கிப் போக ஒரு சலவைக் கடைக்காரர் வந்தார். வாய் சும்மா இருக்காத மனிதர். மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்து, வயசாகிவிட்டதா என்று கேலி செய்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, மாமியாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார்.

"எல்லாம் என் சம்சாரம்தான்" என்றார் மெக்கானிக். "பாவம், அவதான் வேலைக்கும் போயிட்டு வந்து பாக்கறா. நான் என்ன, சும்மா கூட மாட."

"குடுத்து வெச்ச ஆளுய்யா. பொண்டாட்டி சம்பாதிச்சும் போடறா, ஆத்தாளையும் பாக்கறா. நீ நல்லா காத்து வாங்கிட்டு உக்காந்திரு."

மெக்கானிக்கும் கூடச் சேர்ந்து சிரித்தார். "ஆமா, சோம்பேறித்தனத்துலதான் இடுப்புப் புடிச்சுக்கிச்சு" என்று தானும் ஒன்று போட்டார். சலவைக்காரர் போய்விட்டார்.

உள்ளே டீச்சர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதன் தன் மானத்தை வாசலில் போட்டு மிதிக்கவிடுகிறான், அதற்குச் சிரிக்கவும் செய்கிறான். வகுப்பில் அடுத்தவன் செய்த தப்புக்குத் தானே கையை நீட்டி அடி வாங்கிக்கொள்கிற பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் டீச்சருக்குப் பிரம்பு ஓங்கிய கை அப்படியே நின்றுவிடும்.  அன்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இத்தனை நாள் பட்டாரே, அந்த வெட்கம் அல்ல இது.

கேள்விக்காரி வருகிற நாள் வந்தது. மகள் அரக்கப் பரக்க வேலையிலிருந்து வந்துசேர்ந்தாள். முந்தின நாள் திருப்புதல் எதுவும் நடக்கவில்லை. என்ன சொல்வதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. மெக்கானிக் வழக்கம்போல ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார். கேள்விக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்து முதல் கேள்விக்கு வாயெடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றார் டீச்சர். "நீ இத்தன நாளா தப்பான ஆளக் கேட்டுட்டு இருக்கே. என்னைப் பாத்துக்கறது என் பொண்ணு இல்ல. எம் மாப்பிள்ளை. கழுவறது, தொடைக்கறது, எல்லாமே அவர்தான். நாந்தான் சொல்ல விடல."

 மெக்கானிக் மற்றொரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டீச்சரின் கண் கேள்விக்காரியை விட்டு நகரவில்லை.

கேள்விக்காரி கெட்டிக்காரப் பெண். ஏன், எதற்கு என்று தோண்டவில்லை. தாளில் இருந்த பெயரை அடித்துவிட்டு மெக்கானிக்கின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, இந்தக் கேள்விகளை நோயாளியின் காது படக் கேட்கக்கூடாது, இத்தனை நாள் இங்கேயே வைத்துக் கேட்டது என் தப்பு, சாரும் நானும் முன்னறைக்குப் போகிறோம் என்றாள்.

"தனியா கேட்டா அவர் எல்லாத்துக்கும் நாலு சொல்லிடுவார்மா. எனக்கு எதிர்ல சொல்லச் சொல்லு. எங்கிட்ட யாரும் பொய் சொல்லித் தப்பிச்சதில்ல."

கேள்விக்காரி தயங்கி மெக்கானிக்கைப் பார்த்தாள். உங்களுக்குச் சம்மதமென்றால்தான் என்றாள். மெக்கானிக் தலையாட்டினார். அந்த வீட்டில் எதற்குத்தான் அவர் தலையாட்டவில்லை?

தூக்கம் எப்படி என்பது முதல் கேள்வி.

"பரவால்லங்க. மூணு."

"மாப்பிள்ளை" என்றார் டீச்சர், கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்கிற குரலில்.

"ரெண்டு."

"நான் தூங்கறேன்னு நெனச்சுதானே சத்தம் காட்டாம வந்து என்னைத் திருப்பிப் படுக்க வெக்கறீங்க? நான் முழிச்சுட்டுதான் இருக்கேன். அப்பறம் நீங்க போய்ப் படுக்கறதே இல்ல, நாற்காலியிலயே உக்காந்திருக்கீங்க. எனக்குத் தெரியும்."

மெக்கானிக் செருப்பைக் கீழே வைத்தார். "பூஜ்யம்" என்றார்.

உடம்பு நோவு என்ற கேள்விக்கு அவர் இரண்டு என்றார். டீச்சர் வாதாடவில்லை. தரையில் விழுந்து கிடந்த தலையணையை எடுத்துத் தரச் சொன்னார். மெக்கானிக் குனிந்தார். பாதி தூரம்வரைதான் உடம்பு போனது, அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். கேள்விக்காரி யார் சொல்வதற்கும் காத்திராமல் பூஜ்யம் போட்டாள்.

இப்படியே போனது. வேலைக்கு நேரம் கிடைக்கிறதா என்றதற்கு அவர் மழுப்பினார். முன்னறைக்கு எத்தனை விசிறி வந்தது, அதில் எத்தனை திரும்பிப் போகாமல் தூசி படிந்து நிற்கிறது என்று டீச்சர் காதில் விழுந்ததை வைத்தே கணக்குச் சொன்னார், சரியாகவும் இருந்தது. மனம் விட்டுப் பேச யாராவது உண்டா என்றதற்கு மெக்கானிக் கீழே வைத்த செருப்பைப் பார்த்தார். டீச்சர் தாழ்ந்த குரலில், "யாரும் இல்லம்மா. பேசக்கூடாதுன்னு நாந்தானே வாயக் கட்டி வெச்சிருந்தேன்" என்றார். நாளைய பயம் எவ்வளவு என்பதற்கு மட்டும் மருமகனே முந்திக்கொண்டு, தூக்கும்போது அத்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்பதுதான் பயம், தினமும் காலையில் கை வேர்க்கிறது என்றார். அதைச் சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வாயைத் திறந்து சொன்னதில் மார்பு லேசானது.

மகள் அடுப்படிக் கதவில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் படுத்திருந்தவளுக்கே இதில் பாதி தெரியாது.

கடைசிக்கு வந்துவிட்டோம் என்று கேள்விக்காரி தாளைத் திருப்பினாள். "நீங்க பாத்துக்கற நோயாளியோட உங்க உறவு எப்படி இருக்கு சார்?"

டீச்சர் முகத்தை வரைபடத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதுல நான் தலையிடல. அவரே சொல்லட்டும்."

நான்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், படுத்த படுக்கையாக இருப்பவரின் மனம் நோக எதையாவது சொல்வார்களா? மெக்கானிக்கின் வாயிலும் அதுதான் வந்தது. ஆனால் இவ்வளவு நேரம் ஒவ்வொரு பொய்யாகப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார் அந்த அம்மாள். கடைசி ஒன்றை மட்டும் ஒளித்து வைப்பது அவருக்குச் செய்கிற மரியாதையாகப் படவில்லை.

"மூணு" என்றார்.

டீச்சர் திரும்பினார். "ஒண்ணு எங்க கொறைஞ்சுது?"

"நீங்க எங்க கல்யாணத்துக்கு வரல, அத்தை."

மனைவியின் அழுகை நின்றுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே இல்லை. அவளிடம்கூட இல்லை. அன்று போட்டோ எடுத்தவர், பெண்ணோட அம்மா எங்கே, கூப்பிடுங்க என்று விவரம் தெரியாமல் இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டதும், எல்லோரும் தரையைப் பார்த்ததும், இவர்தான் போய் அவர் காதோடு ஏதோ சொன்னதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அது வலித்திருக்கிறது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

 டீச்சரின் உதடு இரண்டு முறை அசைந்து நின்றது.

"அன்னிக்கு வீட்லதான் இருந்தேன்" என்றார் கடைசியில். "பரீட்சைப் பேப்பர் திருத்தணும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கட்டப் பிரிச்சு மடியில வெச்சுட்டே உக்காந்திருந்தேன். ஒரு பேப்பர்கூடத் திருத்தல." கண் நிறைந்து காதோரம் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. மெக்கானிக் துண்டை எடுத்து ஒற்றினார். இந்த முறை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மூணுன்னே போடும்மா" என்றார் டீச்சர். "அவர் சரியாத்தான் போட்டிருக்கார். அத இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

கேள்விக்காரி எழுதினாள். கூட்டிப் பார்த்ததில் முப்பதைக்கூடத் தொடவில்லை. அதைச் சொல்லவா வேண்டாமா என்று அவள் விழிக்க, டீச்சர் கேட்டு வாங்கித் தெரிந்துகொண்டு, ஒருத்தர் ஃபெயிலானதற்குத் தான் சந்தோஷப்படுவது இதுவே முதல் தடவை என்றார். அழுது ஓய்ந்திருந்த மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்விக்காரி அங்கிருந்தபடியே நர்சுக்குப் போன் செய்தாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து காலையில் ஓர் அம்மா வருவார், வார்டைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தார். நல்ல பருமன், நல்ல சுறுசுறுப்பு. வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தார். மெக்கானிக்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த நேரத்தில் உள்ளே இருந்தே பழகிய மனிதர், முன்னறையில் நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். ஒரு மிக்ஸியைக் கழற்றப் பார்த்தார். கவனம் அதில் நிற்கவில்லை, காது உள்ளேதான் இருந்தது. புது ஆள், டீச்சர் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு கிடந்துவிடுவாரோ என்று கவலையாக இருந்தது.

உள்ளே அந்த அம்மா டீச்சரைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். "எத்தனை மாசமா படுக்கையில இருக்கீங்க, முதுகுல ஒரு கீறல்கூட இல்லையே. யாரு இவ்வளவு சுத்தமா பாத்துக்கிட்டது, பொண்ணா?"

"எம் மாப்பிள்ளை" என்றார் டீச்சர். வகுப்பில் கடைசிப் பையன்வரை கேட்கிற குரல் அது, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். "தொடறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் தேச்சு சூடு பண்ணிக்கம்மா. அவர் அப்படித்தான் பண்ணுவார். ஒருநாள்கூட ஜில்லுனு என் மேல கை வெச்சதில்ல."

மெக்கானிக் மிக்ஸியைக் கீழே வைத்தார். கையைத் தேய்த்துக்கொள்வது அவருக்கே ஞாபகத்தில் இல்லாத பழக்கம். சுவரைப் பார்த்துத் தலைநகர் கேட்டுக்கொண்டிருந்த மனுஷி அதைக் கவனித்திருக்கிறாரா?  அழுகை வந்தபோது அவர் அதை அடக்கவில்லை. சுற்றிலும் திறந்து கிடந்த விசிறிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கிப் பாயை விரித்து, இடுப்புக்கு இதமாக ஒருக்களித்துப் படுத்தார். உள்ளே டீச்சர் அந்த அம்மாவுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும், மாப்பிள்ளை எதை எப்படிச் செய்வார் என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே மெக்கானிக் தூங்கிப்போனார்.